பசார் சந்திப்பு விளக்கில் வினாடி எண் போடலாமா?

தாமான் அக்கா
வணக்கம் எல்லாருக்கும். நம்ம டவுன் பசார் சந்திப்பு விளக்கு விஷயம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் என்றால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு மனு சுற்றி வந்தது. அதில் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, சந்திப்பு விளக்குக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை வினாடி பாக்கி என்று எண் இறங்கி வரும் பெட்டி. இரண்டாவது, தமிழ்ப்பள்ளி வாசலுக்கு முன்னால் வருகிற வண்டியின் வேகத்தைக் காட்டும் மின்பலகை. நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரர், "இரண்டாவது சரி, முதலாவது ஆபத்து, பேரை எடுத்துவிடு" என்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, "எனக்குப் படுகிறது" என்கிறார். படுகிறது என்பதற்காகப் பேரை எடுக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனு வெள்ளிக்கிழமை போகிறது.

லோரி அண்ணன்
தங்கச்சி, பேரை எடுக்காதே. உன் வீட்டுக்காரர் கார் ஓட்டுகிறவர், அதனால் அவருக்கு அப்படித்தான் படும்.

22 வருடமாகத் தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஓடுகிறேன். பின்னால் முழுச் சுமை. மழை வேறு. சந்திப்புக்கு எழுபது எண்பது மீட்டர் இருக்கும்போது மஞ்சள் விழுகிறது. இப்போது நான் என்ன செய்வது? அழுத்திப் பிடித்தால் குலை சரிகிறது, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் கார்க்காரன் என் டெயில் லைட்டுக்குள் நுழைகிறான். போய்விடலாம் என்றால் கோட்டைத் தாண்டும் முன் சிவப்பு. கேமரா இருந்தால் 300 வெள்ளி சம்மன். கேமரா இல்லையென்றால் கோயிலில் தேங்காய் உடைக்கலாம்.

அந்த எண் இருந்தால் 200 மீட்டர் தூரத்திலேயே பார்த்துவிடுவேன். 5 என்றால் காலை எடுத்துவிடுவேன். 20 என்றால் நிம்மதியாகப் போவேன். ஈப்போவில் எத்தனை சந்திப்பில் இருக்கிறது! அங்கே ஓட்டுகிறவன் மனிதன், இங்கே ஓட்டுகிறவன் மாடா?

பாலம் தாண்டுபவன்
அண்ணே, உங்கள் கஷ்டம் உண்மை. ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து வேறு நோய்க்கு உரியது.

நான் நம்ம ஊர்ப் பையன்தான். இப்போது ஜோகூர் பாருவில் குடியிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் சாலை விளக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன். அங்கே நடக்கிறவர்களுக்குப் பச்சை மனிதன் பக்கத்தில் எண் இறங்கும். வண்டிகளுக்கு அப்படி வைப்பதில்லை. காரணம் எளிது. நடக்கிறவருக்கு 6 என்று காட்டினால் அவர் கொஞ்சம் வேகமாக நடப்பார், அல்லது இறங்காமல் நிற்பார். இரண்டிலும் யாருக்கும் அடி படாது. வண்டிக்காரனுக்கு 6 என்று காட்டினால் என்ன செய்வான் என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். நீங்கள் காலை எடுப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் மைவி கார்க்காரன்?

பச்சையில் இறங்கும் எண், எத்தனை வினாடிக்குள் பாய வேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

லோரி அண்ணன்
சிங்கப்பூர்க் கதையை இங்கே சொல்லாதே தம்பி. அங்கே கீழே துப்பினாலும் அபராதம். இங்கே நாங்கள் சாலையில் மாட்டுக்கு வழிவிட்டு ஓட்டுகிறோம்.

கப்சாய் தம்பி
பாய்வது மைவி மட்டுமில்லை பாஸ், உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் மோட்டார்க்காரர்கள் சிவப்பில் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்போம். எண் இருக்கிற ஊரில் 3 வந்ததும் கியரைத் தட்டிவிடுவோம், 1 வரும்போது பாதி வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம். பச்சை விழும்போது நாங்கள் நடுச்சந்தியில். நான் செய்திருக்கிறேன். அம்மா இந்தத் தளத்துக்கு வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பாலம் தாண்டுபவன்
தம்பி சொன்னதை இரண்டு தடவை படியுங்கள். ஒரு பக்கம் பச்சை எண் 1 ஆவதற்குள் பாய்ந்துவிடலாம் என்று ஒருவன் வருகிறான். குறுக்குச் சாலையில் சிவப்பு எண் 1 ஆகிவிட்டது என்று தம்பி கிளம்புகிறார். இரண்டு பேரும் எண்ணை நம்பித்தான் வருகிறார்கள். நடுவில் அவர்களைக் காப்பாற்றுவது நாலாபக்கமும் சிவப்பாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு வினாடி மட்டும். அது இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

நம் மலேசியாவில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் வாய் நீளம்.

தாமான் அக்கா
அப்படியென்றால் சிவப்பில் மட்டும் எண் போட்டால்? காத்திருக்கும்போது எத்தனை வினாடி என்று தெரிந்தால் மனசு அமைதியாக இருக்கும். பிள்ளைக்குத் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுக்கலாம்.

பாலம் தாண்டுபவன்
அக்கா, சிவப்பு எண்ணுக்கு நான் முழு விரோதி இல்லை. காத்திருப்பவருக்கு அது ஆறுதல், இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கவும் உதவும், முதல் வண்டி தூங்காமல் கிளம்பும். தம்பி மாதிரி ஆட்கள் முந்திக் கிளம்பாமல் இருக்கக் கடைசி ஐந்து வினாடி எண்ணை மறைத்துவிடலாம். ஆனால் நம்ம சந்திப்பில் அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. யாராவது பசார் பக்கம் போனால் நிற்கும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தார்ச்சாலையைப் பாருங்கள். செவ்வகமாக வெட்டிக் கறுப்பாக அடைத்த கோடு தெரிகிறதா?

கப்சாய் தம்பி
தெரிகிறது, தெரிகிறது. அந்தக் கட்டத்தோடுதான் எனக்குச் சண்டையே. காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறேன். சாலையில் ஒரு நாய்கூட இல்லை. தோட்டச் சாலைப் பக்கமிருந்து வந்து சிவப்பில் நிற்கிறேன். நிற்கிறேன். நிற்கிறேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு பாதி ஓடிவிடும். பின்னால் ஒரு கார் வந்தால்தான் பச்சை விழும். என் வண்டி என்ன, விளக்குக்கு மனுசனாகத் தெரியவில்லையா? எண் இருந்தால் விளக்கு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்றாவது தெரியுமே என்றுதான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

பாலம் தாண்டுபவன்
இதுதான் நான் கேட்டது. அந்தக் கோட்டுக்குள் கம்பிச்சுருள் புதைத்திருக்கிறது. அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே உலோகம் வந்து நின்றால் சுருளின் மின்தன்மை மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருக்கும் விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி "இங்கே வண்டி இருக்கிறது" என்று தெரிந்துகொள்கிறது. எடையைப் பார்த்து இல்லை. பலர் அப்படி நினைத்து மோட்டாரில் எழுந்து குதிக்கிறார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

காரின் அடிப்பாகம் அகலமானது, எங்கே நின்றாலும் தெரியும். உங்கள் இ.எக்ஸ். 5 மோட்டார் கட்டத்தின் நடுவில் நின்றால் தெரியாமல் போகலாம். சுருளின் கம்பி ஓடுவது ஓரத்தில்தான், அங்கேதான் கூர்மை அதிகம். அதனால் கட்டத்தின் நீளவாட்டுக் கோட்டின் மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி நில்லுங்கள். நிற்கும் கோட்டைத் தாண்டிப் போய் முன்னால் நின்றால் சுருளுக்கு வெளியே போய்விட்டீர்கள், விடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

சரி, இதற்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இப்படிச் சுருள் வைத்த விளக்கு, அடுத்து என்ன செய்வது என்று கடைசி நேரத்தில்தான் முடிவு செய்கிறது. வண்டி வந்துகொண்டே இருந்தால் பச்சையை நீட்டும், வரவில்லையென்றால் வெட்டும். இன்னும் எத்தனை வினாடி என்று அதற்கே தெரியாதபோது நமக்கு எப்படிச் சொல்லும்? எண் பெட்டியை மாட்டினால் 14இலிருந்து 3க்குக் குதிக்கும், அல்லது 9இலேயே நின்று முழிக்கும். ஒழுங்காக எண் இறங்க வேண்டுமென்றால் சுருளை மறந்துவிட்டு, காலை, மதியம், ராத்திரி என்று நேரத்தைக் கட்டி வைக்க வேண்டும். அப்புறம் ஐந்தரை மணிக்கு ஆளே இல்லாத சாலைக்கும் முழுப் பச்சை கொடுத்துக்கொண்டு நிற்கும்.

பழைய வாத்தியார்
இரண்டு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இப்போது ஒன்று சொல்லலாமா?

1868ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். ரயில் கைகாட்டி மாதிரி, ராத்திரிக்குச் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு, இயக்க ஒரு போலீஸ்காரர். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து அவருக்குக் காயம். அப்புறம் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்விளக்கு வந்தது. அதிலும் சிவப்பு, பச்சை இரண்டே நிறம். மாறப்போகிறது என்பதை ஒலி எழுப்பிச் சொன்னார்கள். மஞ்சளையும் சேர்த்து மூன்று நிறத்தில் வந்தது 1920இல், டெட்ராய்ட் நகரில்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், "இப்போது மாறப்போகிறது" என்ற தகவலைக் கொடுக்கத்தான் மஞ்சளே பிறந்தது. லோரிக்காரத் தம்பி கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. மஞ்சள் தன் வேலையை அவருக்குச் சரியாகச் செய்யவில்லை என்கிறார். மஞ்சள் எத்தனை வினாடி எரிகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? அது போதுமா? பாலம் தாண்டும் தம்பி இதைத் தொடவே இல்லையே.

பாலம் தாண்டுபவன்
ஐயா, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். கணக்கையே போட்டுவிடுகிறேன், தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

டவுனுக்குள் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைப்போம். வினாடிக்கு 16.7 மீட்டர். மஞ்சளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, அதற்குள் 16.7 மீட்டர் போய்விட்டது. ஒரு கார் நன்றாகப் பிடித்தால் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வேகம் குறையும். நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 45. மஞ்சள் மூன்று வினாடி என்றால் அந்த நேரத்தில் 50 மீட்டர் ஓடலாம். ஆக 45 மீட்டருக்கு அப்பால் இருந்தால் நிற்கலாம், 50க்குள் இருந்தால் தாண்டலாம். கார்க்காரனுக்குத் தப்பிக்க வழி இல்லாத இடமே கிடையாது.

இப்போது லோரி. குலை சரியாமல் பிடிக்க வேண்டும், ஈரச் சாலை. 5க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வோம். நிற்க 16.7, அதோடு 70. மொத்தம் 86 மீட்டருக்கு மேல். மஞ்சள் அதே மூன்று வினாடி, அதே 50 மீட்டர். ஆக 50க்கும் 86க்கும் நடுவில் மஞ்சள் விழுந்தால் அண்ணனால் நிற்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. அண்ணன் முதல் பதிவில் "எழுபது எண்பது மீட்டர்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். 22 வருட அனுபவம், டேப் இல்லாமல் அளந்திருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் அண்ணே. மருந்துதான் தப்பு, நோய் நீங்கள் சொன்னதுதான்.

லோரி அண்ணன்
இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு படித்தவன் எனக்குக் கணக்குப் போட்டு நான் சரி என்கிறான். மனைவியிடம் காட்டினேன். "அதற்கு ஏன் 60இல் வருகிறீர்கள், 40இல் வாங்களேன்" என்கிறாள்.

பாலம் தாண்டுபவன்
அண்ணி சொல்வதிலும் பாதி நியாயம். 40இல் வந்தால் நிற்க 42 மீட்டர், மூன்று வினாடியில் ஓடுவது 33. அந்த இரண்டுங்கெட்டான் இடம் 36 மீட்டரிலிருந்து 9 மீட்டராகச் சுருங்குகிறது. முழுதாகப் போகவில்லை.

மருந்து மூன்று இருக்கிறது. மஞ்சளை ஒரு வினாடி கூட்டலாம், செலவே இல்லை, பெட்டிக்குள் அமைப்பை மாற்றினால் போதும். நாலாபக்கச் சிவப்பைக் கொஞ்சம் நீட்டலாம். மூன்றாவது, சந்திப்புக்கு 100, 120 மீட்டர் முன்னால் சாலையோரம் ஒரு பலகை, விளக்கு மாறப்போகும்போது மட்டும் அதில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். வளைவுக்குப் பின்னால் விளக்கு மறைந்திருக்கும் இடத்துக்கும், கனரக வண்டி அதிகம் வரும் இடத்துக்கும் இது பொருந்தும். அண்ணன் எண்ணில் எதிர்பார்க்கும் தகவல் இதில் கிடைக்கிறது. பந்தயக்காரனுக்கு வேண்டிய "இன்னும் நாலு வினாடி" இதில் இல்லை. அதற்காக அவன் சிமிட்டலைப் பார்த்து வேகம் கூட்டவே மாட்டான் என்று நான் எழுதிக் கொடுக்கமாட்டேன், கூட்டுகிறவன் கூட்டுவான்.

கப்சாய் தம்பி
கோட்டின் மேல் நின்றேன். வேலை செய்கிறது!!! இத்தனை வருடம் வீணாகிவிட்டது.

தாமான் அக்கா
விளக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பள்ளி வாசல் பலகைக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா? அங்கே 30 என்று வட்டம் போட்ட பலகை ஏற்கெனவே இருக்கிறது. கீழே மலாயில் "கி.மீ./ஜாம்", அதாவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர், என்றுகூட எழுதியிருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? நான்கூட அது அங்கே இருப்பதை மனுவைப் படித்த பிறகுதான் கவனித்தேன். ஆறு வருடமாக அந்த வழியாகத்தான் பிள்ளையைக் கொண்டுவிடுகிறேன்.

லோரி அண்ணன்
நெடுஞ்சாலையில் பெரிய மின்பலகை வைத்து "பாண்டு செர்மாட், ஜீவா செலாமாட்" (கவனமாக ஓட்டினால் உயிருக்குப் பாதுகாப்பு) என்று ஓட விடுவார்களே, அது மாதிரிதான். நல்ல வார்த்தைதான், வாயில் மெல்லலாம். அதற்குப் பதில் முன்னால் மூன்று கிலோமீட்டரில் நெரிசல் என்று போட்டால் அடுத்த வெளிவாசலில் இறங்கிப் பழைய சாலையைப் பிடிப்பேன்.

பழைய வாத்தியார்
30 பலகை எல்லாருக்கும் பொது. பொதுவாகச் சொன்னால் வகுப்பில் ஒரு பையனும் தன்னைச் சொல்கிறார்கள் என்று நினைக்கமாட்டான். முப்பது வருடம் சொல்லிப் பார்த்தவன் நான். "மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்" என்றால்தான் நிமிர்வான். வேகம் காட்டும் பலகை "நீ இப்போது 52" என்கிறது. அதற்குத் தப்பிக்க வழி இல்லை. சம்மனும் இல்லை, வெட்கம் மட்டும்தான். அது போதும்.

கப்சாய் தம்பி
ஐயா, நீங்கள் எங்கள் வயதுப் பசங்களை மறந்துவிட்டீர்கள். ஒரு தாமான் குடியிருப்பில் அப்படிப் பலகை வைத்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் யார் அதிகம் காட்டுவது என்று போட்டி. ஒருவன் படம் எடுக்க நின்றான், ஒருவன் ஓட்டினான். வெட்கமாவது?

பழைய வாத்தியார்
அடப்பாவிகளா.

பாலம் தாண்டுபவன்
அதற்கும் வழி உண்டு. ஒரு வேகத்துக்கு மேல் போனால் எண்ணைக் காட்டாமல் "மெதுவாக" என்று மட்டும் சிமிட்டும்படி அமைக்கலாம். 50க்கு மேல் எண் இல்லை என்றால் போட்டியே இல்லை. பள்ளி நேரத்துக்கு மட்டும் எரியும்படியும் வைக்கலாம், ராத்திரி இருட்டாகக் கிடக்கும். இன்னொன்று: ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வைத்தால் அதுவும் 30 பலகை மாதிரி மரத்தோடு மரமாகிவிடும். எடுத்துவிட்டாலோ வேகம் பழையபடி ஏறும். ஆகவே சக்கரம் வைத்த பலகையாகக் கேளுங்கள் அக்கா, இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் சீனப்பள்ளி வாசலில் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். கேட்பவர்களும் கூடுவார்கள், இரண்டு பள்ளிப் பெற்றோரும் சேர்ந்தால் மனுவுக்கு எடை.

கப்சாய் தம்பி
30க்கும் 50க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

பாலம் தாண்டுபவன்
காய்ந்த சாலை, நல்ல பிரேக். பிள்ளை குறுக்கே ஓடி வந்ததைப் பார்த்ததிலிருந்து வண்டி நிற்கும்வரை 30இல் சுமார் 13 மீட்டர். 50இல் சுமார் 28. பள்ளி வாசலில் ஐஸ் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கேட் வரை நடந்து அளந்து பாருங்கள் தம்பி. அங்கே பிள்ளை வந்தால், 30இல் வந்தவன் நின்றுவிட்ட இடத்தில் 50இல் வந்தவன் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்கமாட்டான்.

கப்சாய் தம்பி
சரி பாஸ். புரிந்தது.

லோரி அண்ணன்
எல்லாம் சரி. எண் வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சிமிட்டும் பலகை நல்ல யோசனைதான், ஆனால் எப்போது வரும்? கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணித் துறை, உள்சாலை என்றால் நகராட்சி, இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார். எண் பெட்டி என்றால் யாராவது தேர்தலுக்கு முன்னால் வந்து ரிப்பன் வெட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். கண்ணுக்குத் தெரிகிற சாமான்தான் நம்ம ஊருக்கு வரும் தம்பி. மஞ்சளை ஒரு வினாடி கூட்டினேன் என்று யார் படம் பிடித்து ஒட்டுவான்?

பாலம் தாண்டுபவன்
அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே.

தாமான் அக்கா
மனுவில் முதல் வரியை அடித்துவிட்டு "மஞ்சள் விளக்கின் நேரத்தை அளந்து, கனரக வாகனங்களுக்குப் போதுமா எனப் பரிசீலிக்கவும், சந்திப்புக்கு முன் எச்சரிக்கைச் சிமிட்டு விளக்கு அமைக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். மலாயில் மொழிபெயர்க்க என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தனக்குப் பட்டது சரிதான் என்று காலையிலிருந்து ஒரே சிரிப்பு. ஆனால் அளந்த நேரம் இல்லாமல் அனுப்பினால் எடுபடுமா? மூன்று வினாடி என்பது நீங்கள் கணக்குக்கு வைத்துக்கொண்டதுதானே?

பழைய வாத்தியார்
அளந்துவிட்டேன். இன்று காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை மருந்துக்கடை ஐந்தடி நடைபாதையில் குடையோடு நின்று கைப்பேசிக் கடிகாரத்தில் இருபது தடவை எண்ணினேன். கூட்டரசு சாலைப் பக்கம் மஞ்சள் மூன்று வினாடி, ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் கூடக் குறைய வந்தது என் விரலின் தப்பு. நாலாபக்கச் சிவப்பு ஒன்றரை இருக்கும், அதைத் துல்லியமாகச் சொல்லமாட்டேன். எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன் அம்மா, மனுவோடு வையுங்கள்.

லோரி அண்ணன்
கறுப்புக் குடையா ஐயா? நீங்களா அது? ஏழு மணி வாக்கில் யாரோ பெரியவர் மழையில் நிற்கிறாரே என்று ஹாரன் அடித்து வணக்கம் வைத்தேன். நீங்கள் நிமிரவே இல்லை.

பழைய வாத்தியார்
ஹாரன் கேட்டது தம்பி. எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது தடவை. நீங்கள் கோட்டைத் தாண்டும்போது சிவப்பு விழுந்து முக்கால் வினாடி.

லோரி அண்ணன்
முழுச் சுமை ஐயா. அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். வண்டி நம்பர் மட்டும் வேண்டாம்.